அரை ஏக்கர் ரோமாபுரி

ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை கெடாவை விட்டு ஓடின மறுநாள் தோட்டத்து ஜனங்கள் பங்களாவுக்குள் புகுந்தார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா ஒரு தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆட்களை மேய்க்கிற மண்டோர் முனியாண்டி வீட்டுக்குக் குளிக்கும் தொட்டியே வந்து சேர்ந்தது. அதில் அவர் பிறகு பன்றிக்குத் தீனி ஊறவைத்தார். என் வீட்டுக்காரர் ஒரு புத்தகத்தோடு வந்தார்.

கொசுவலை இல்லையா அங்கே என்று கேட்டேன். நாலு இருந்தது என்றார். ஏன் ஒன்றை எடுக்கவில்லை என்றதற்கு, அது திருட்டு ஆகாதா என்றார். அப்போ இது என்ன என்று புத்தகத்தைக் காட்டினேன். துரை இதைப் படித்ததே இல்லை, பாதிப் பக்கங்கள் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, படிக்காத புத்தகத்தை எடுப்பது திருட்டில் சேராது என்று விளக்கம் சொன்னார். இங்கிலீஷ் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். அன்று முழுக்கக் கொசு கடித்த இடத்தையெல்லாம் அவருக்குக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் தோஷம் இல்லை என்பதால் எழுதுகிறேன்: அழகேசன். கோலா கெத்திலிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிற உத்தியோகம். நான் புஷ்பவள்ளி, லூனாஸில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். தமிழில் நாலாவது வரை படித்தவள். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தகர டப்பாக்களின் மேல் இருக்கும் எழுத்துகள்தான். எங்களுக்குப் பிறந்த ஒன்றும் தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கிராணிக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. விடியுமுன் பெரட்டு. பெரட்டுக் களத்தில் நின்று எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த மரத்துக்கு யார் என்று பிரித்து அனுப்ப வேண்டும். அதற்கு நாலரை மணிக்கே கிளம்பிவிடுவார். பிறகு பால் நிறுக்க வேண்டும், ஆபீஸ், மறுபடி ஆபீஸ். விளக்கு வைத்த பிறகுதான் வீடு. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் என் புருஷன் முகத்தை வெயிலில் நான் பார்த்ததில்லை. அவர் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதே எனக்கு ஜப்பான்காரன் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை. சம்பளம் இல்லை, அரிசி இல்லை. ஜனங்கள் தோட்டத்து ஓரக் காட்டை வெட்டி மரவள்ளிக் குச்சி ஊன்ற ஆரம்பித்தார்கள். கிராணியார் கை பேனா பிடித்த கை என்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஆற்றுக்குப் போகிற ஓடைக்குப் பக்கத்தில் அரை ஏக்கரை இவரும் வெட்டிவிட்டார். கை இரண்டும் கொப்புளம். அத்தாப்பு ஓலை வேய்ந்து ஒரு குடிசை போட்டார். கிராணி வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டி, இரண்டு பாய், நாலு கோழி, அந்தப் புத்தகம் எல்லாவற்றோடும் அங்கே குடிபோனோம். நடுவழியில் கோழி ஒன்று பறந்துபோய்விட்டது. அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

காலையில் மண்வெட்டி. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் குடிசை நிழலில் வந்து உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பார். நான் கிழங்கு சீவிக்கொண்டிருப்பேன். முதலில் இங்கிலீஷில் வாய்க்குள்ளேயே படிப்பார், பிறகு தலையை நிமிர்த்தி எனக்குத் தமிழில் சொல்வார்.

அது பழைய ரோமாபுரிக் கவிகள் லத்தீனில் எழுதிய பாட்டுகளை இங்கிலீஷ்காரர்கள் தங்கள் பாஷையில் பாட்டாக மாற்றிய புத்தகம். லத்தீன் என்பது மாதா கோயிலில் சாமியார் பூசை வைக்கிற பாஷையாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி அதில் ஜனங்கள் சண்டை போட்டார்கள், கடன் கேட்டார்கள், கவிதையும் எழுதினார்கள் என்றார். இந்தப் புத்தகத்தில் இருக்கும் பாட்டுகள் எல்லாம் ஒரே விஷயம்தான். போதும் என்று இருக்கிற மனுஷன் எப்படி இருப்பான், அவனிடம் என்னென்ன இருக்கும், என்னென்ன இருக்காது. இதை எழுத இத்தனை பேரா என்று கேட்டேன். ஆமாம், அத்தனை பேரும் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார்கள் என்றார்.

ஒரு பாட்டு அவருக்கு உயிர். அதை மட்டும் மூன்று இங்கிலீஷ்காரர்கள் மூன்று காலத்தில் மூன்று விதமாக மாற்றியிருந்தார்கள். மூன்றையும் எனக்குச் சொல்வார். முதல் ஆள் ஒரு வார்த்தை இருக்கிற இடத்தில் ஏழு வார்த்தை போடுகிறவன். அவனுக்கு நான் நெட்டையன் என்று பேர் வைத்தேன். இரண்டாவது ஆள் எதுகை மோனைக்காக எதையும் விற்றுவிடுவான். ரோமாபுரிக்காரன் நிலத்தில் மாடு இல்லாவிட்டாலும் எதுகைக்கு வேண்டுமென்றால் ஓட்டிக்கொண்டு வந்து கட்டிவிடுவான். அவன் ஜதிக்காரன். மூன்றாவது ஆள் சுருக்கமானவன், எனக்குப் பிடித்தவன். அவன் சொன்னது இப்படி: வாசலில் நின்றால் எல்லை தெரிகிற அளவு நிலம். குனிந்தால் கைக்கு எட்டுகிற தண்ணீர். பசிக்கிற நேரத்துக்குச் சோறு. சொல்லாமல் வருகிற சிநேகிதன். கூடவே இருக்கிற பெண்டாட்டி.

பெண்டாட்டி அஞ்சாவதா என்று கேட்டேன். ஜதிக்காரன் பாட்டில் நீ எட்டாவது, சும்மா இரு என்றார்.

நான் அந்தக் கவிகளை விட்டுவைக்கவில்லை. தினமும் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு ஒருத்தன் போதும் என்று பாடட்டும், அப்போது நம்புகிறேன் என்றேன். அவித்த கிழங்கு, சுட்ட கிழங்கு, கிழங்கு மாவுப் புட்டு, கிழங்கு மாவுக் கஞ்சி என்று எங்கள் வயிறு மரக்கட்டையாகிக்கொண்டிருந்தது. கோணிச் சாக்கைக் கிழித்து அவருக்குக் கால்சட்டை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் பேசியது ரோமாபுரி. அவர் சொல்லச் சொல்ல நான் சிரிப்பேன், எதிர்க் கேள்வி கேட்பேன், கேலி செய்வேன். ஆனால் உண்மையை இப்போது எழுதிவிடுகிறேன். அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஊரே பட்டினி கிடந்த வருஷம் அது. சந்தோஷமாக இருந்தேன் என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பத்து மணி எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

நாற்பத்து மூன்றில் தோட்டத்து ஆபீஸை ஜப்பான்காரன் திறந்தான். புதிதாக ஒரு மானேஜர் வந்தார், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு நாள் எங்கள் குடிசைக்கு வந்து, பழைய கிராணி திரும்பி வரவேண்டும் என்று மானேஜர் சொல்லியனுப்பியதாகச் சொன்னார். கிராணி வீடு திரும்பக் கிடைக்கும். மாதம் பதினைந்து கட்டி, அதாவது இருபது ராத்தல் அரிசி. கையில் கட்டிக்கொள்ள முத்திரை குத்திய வெள்ளைத் துணிப் பட்டை ஒன்று கொடுப்பார்கள். ஆபீஸ் ஆள் என்பதற்கு அடையாளம் அது. பட்டை கட்டியவனை எந்த சோல்ஜரும் தொடமாட்டான். யோசித்து மூன்று நாளில் சொல்ல வேண்டும். கட்டாயம் இல்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார், நல்ல மனிதர்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம், லூனாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே மாற்றலாகி வர முடியுமா என்று கம்பெனியில் கேட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு போடுவேன், பேசமாட்டேன். பன்னிரண்டாம் நாள் மாரியம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், இனிமேல் உன்னைக் கேட்காமல் எந்த வேலையிலும் சேரமாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். கிராணிமார் மனைவியைக் கேட்டு உத்தியோகம் பார்ப்பது எங்கும் இல்லாத வழக்கம். மற்றக் கிராணிகள் கேலி செய்தார்கள். இவர் கவலைப்படவில்லை.

ஆகவே மூன்று நாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பத்து மணிக்குப் புத்தகத்தை எடுத்து மறுபடியும் அந்தப் பாட்டைப் படித்தார். அதில் பெரிய மனிதர் வீட்டு வாசல் என்று ஒரு இடம் வருகிறது. போதும் என்று இருப்பவன் பெரிய மனிதர் வாசலை மிதிப்பதே இல்லை என்று நெட்டையன் எழுதியிருக்கிறான். சுருக்கமானவனோ, கூப்பிட்டால் போவான், பொழுதோடு திரும்பிவிடுவான் என்று எழுதியிருக்கிறான். இதில் எவன் சரி என்று தெரியவில்லையே, பக்கத்திலேயே லத்தீன் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லையே என்று இவர் தலையைச் சொறிந்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீ என்ன சொல்றே, புஷ்பம்?"

"வேணாங்க. இப்படியே இருந்துருவோம்."

"பட்டை இருந்தா ஒரு பாதுகாப்புதான்."

"நமக்கு எதுக்குங்க பட்டை? நம்ம யாரு வாசலுக்கும் போகப் போறதில்லையே லா."

நெட்டையன் சொன்னதைத்தான் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. எனக்குப் பெரிய மனிதர் வாசலும் தெரியாது, சின்ன மனிதர் வாசலும் தெரியாது. ஆபீசுக்குப் போனால் பத்து மணிக்கு வீட்டில் இருக்கமாட்டார். அவ்வளவுதான் என் காரணம். அவர் சிரித்தார். சரி என்று எழுந்து போய் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அவர் மண்வெட்டியைக் கழுவும்போது சீட்டியடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மனசுக்குள் குறை இருந்தால் ஒருத்தர் சீட்டியடிப்பாரா? இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மூன்று மாதம் கழித்து, ஆனி மாதம், கோலா கெத்தில் திடலில் அரிசி கொடுக்கப்போகிறார்கள் என்று தமுக்கடித்தார்கள். வீட்டுக்கு ஆறு கட்டி, குடும்பத் தலைவன் நேரில் வந்து வாங்க வேண்டும். அரிசியைக் கண்ணால் பார்த்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. நான்தான் சாக்கை உதறிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது உப்பும் பார்த்து வாங்குங்கள் என்றேன். காலை எட்டு மணி இருக்கும். ஓடையைத் தாண்டிப் போனார்.

திடலில் அரிசி இல்லை. லாரிகள் இருந்தன. உள்ளே போனவர்களைச் சுற்றி சோல்ஜர்கள் கயிறு பிடித்து நின்றுகொண்டார்கள். பட்டை கட்டியவர்களை மட்டும் தனியாகப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேரை ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம். இதையெல்லாம் மத்தியானம் முனியாண்டி மண்டோர் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னார். அவர் கையில் பட்டை இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காளியம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஒரு நாள் முழுக்க நடை. கொண்டுபோன கிழங்கு மாவு உருண்டைகள் வியர்வையில் ஊறிக் கரைந்துவிட்டன. நாங்கள் போய்ச் சேருவதற்குள் கூட்ஸ் வண்டி போய்விட்டது. ஸ்டேஷனில் செருப்புகள் கிடந்தன, தொப்பிகள் கிடந்தன, காலிச் சாக்குகள் நிறையக் கிடந்தன. எங்கள் சாக்கு எது என்று தேடினேன். எல்லாச் சாக்கும் ஒரே மாதிரி இருந்தது.

மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. நடுவில் ஜப்பான்காரன் கெடாவையே சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஆபீசில் சயாம் கொடி ஏறியது. காளியம்மா வந்து சொன்னபோது நான் பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். இப்போது நான் நிற்பதும் சயாம், அவர் இருப்பதும் சயாம். ஒரே நாட்டுக்குள் இருக்கிற புருஷன் வீட்டுக்கு வர என்ன தடை என்று அவளிடம் கேட்டேன். அவள் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

நிலத்தை நான் விடவில்லை. அவர் வரும்போது லாலாங் புல் மண்டிக் கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, கிழங்கும் கேழ்வரகும் மாற்றி மாற்றிப் போட்டேன். இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் ஒற்றன் என்பார்கள் என்று ஊரில் எல்லாரும் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் அதை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். பத்து மணி ஆனால் எடுத்து மாவைத் தட்டிவிட்டு விரித்துக்கொண்டு உட்காருவேன். ஒரு வார்த்தையும் புரியாது. வரிகள் நீளமாகப் போனால் நெட்டையன், குட்டையாக முடிந்தால் சுருக்கமானவன் என்று கண்டுபிடித்துக்கொள்வேன். அவர் தமிழில் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். நிலம் வரும், தண்ணீர் வரும், சோறு வரும். கூடவே இருக்கிற பெண்டாட்டி என்ற இடம் வந்ததும் மேலே போக முடியாது. அவர் குரல் எப்படி இருந்தது என்பது மெல்ல மெல்ல எனக்கு மறந்துகொண்டு வந்தது. அதுதான் பெரிய பயமாக இருந்தது. அவர் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ரோமாபுரிக் கவிகள் இத்தனை பேர் இருந்து, போதும் போதும் என்று இத்தனை எழுதி, வேண்டும் என்று கிடந்து தவிக்கிறவளுக்கு ஒரு வரி எழுதவில்லையே என்று அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

என் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னது நான். ஒரு முழத் துணிப் பட்டையை வேண்டாம் என்று சொன்னது நான். அங்கே கல் சுமக்கும்போது அவர் என்ன நினைப்பார்? இவள் பேச்சைக் கேட்டேனே என்று ஒரு தடவையாவது நினைக்கமாட்டாரா? அவர் உயிரோடு வரவேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்பேன். அடுத்த மூச்சில், என்னை வெறுக்காமல் வரவேண்டும் என்று கேட்பேன். இரண்டில் எது முதல் என்று அவளுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

நாற்பத்தைந்து தை மாதம், நான் பத்து மணிக்குப் புத்தகத்தை விரித்த நேரம், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றான். இடுப்பில் சாக்கு. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் இலையை வைத்துக் கட்டியிருந்தான். எலும்பைத் தோல் போட்டு மூடியிருந்தது. நான் புத்தகத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு யார் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் மெதுவாகப் பார்த்தான். குடிசையைப் பார்த்தான்.

"இது அழகேசன் கிராணி இடந்தானே, அக்கா? வாசல்ல நின்னா எல்லை தெரியும்னு சொல்லுவாரே."

உள்ளே வரச் சொன்னேன். அவன் பெயர் இருளப்பன். லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவன், சயாமிலிருந்து தப்பி வருகிறான். கூட்ஸ் வண்டியில் ஒளிந்தும் நடந்தும் இரண்டு மாதமாக வருகிறானாம். தன் வீட்டுக்குக்கூட இன்னும் போகவில்லை. இந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதலில் இங்கே வந்தானாம்.

நான் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுத்தேன், கீரையை வதக்கி வைத்தேன், காலைக் கழுவ வெந்நீர் போட்டேன். அவனாகவே பேசிக்கொண்டிருந்தான். அங்கே மழையில் வேலை நின்றால் அழகேசன் கிராணியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துகொள்வார்களாம். இந்த இடத்தைப் பற்றி அவர் சொல்வாராம். தமிழில், பாட்டு மாதிரி. ஓடைத் தண்ணீர் குனிந்தால் கைக்கு எட்டும், வரப்பு நிறைய அவரை காய்க்கும், பின்னால் ஒரு பலா, நாலு கறவை மாடு.

மாடா, எங்கே இருந்தது மாடு, ஒரு ஆட்டுக்கே வழியில்லை என்று நான் சீறினேன். ஜதிக்காரன் புத்தி அவருக்கும் வந்துவிட்டது என்று சொன்னேன். அவனுக்கு அது புரியவில்லை, ஆனாலும் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் போன அதே வருஷம் ஆவணியில் பேதி வந்து இறந்துவிட்டார். இரண்டு நாள்தான். ஆனியில் போனவர் ஆவணியில் இல்லை. நான் பதினேழு மாதமாக இல்லாத ஒருத்தருக்காகப் புல் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இருளப்பன் கூழ்ச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு இதைத் தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் அழவில்லை. அங்கே அழுதுமுடித்துவிட்டவர்கள் அழுவதில்லை போலிருக்கிறது.

"என்னையத் திட்டுனாரா?" என்று கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆபீஸ் திறந்தது, பட்டை, மூன்று நாள் தவணை, நான் வேண்டாம் என்றது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மாறியது. ஏதோ ஒன்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது போல இருந்தது.

"அதான் சங்கதியா?" என்றான். பிறகு காலில் கட்டியிருந்த இலையை அவிழ்த்து மறுபடி கட்டினான். சொல்லு தம்பி என்றேன்.

"கேம்புல ஆபீஸ் வேலைக்கு ஆள் கேட்டாங்க, அக்கா. இங்கிலீஸ் எழுதத் தெரிஞ்ச ஆளு. ரெண்டு தடவ கேட்டாங்க. மேட்டுல தனிக் கொட்டா, காய்ச்சுன தண்ணி, மீனு. நாங்க எல்லாம் கிராணியத் தள்ளி விட்டோம், போங்கண்ணே, போங்கண்ணேன்னு. மாட்டேன்னுட்டாரு. வீட்டுல ஒருதடவ வேணாம்னு சொல்லிட்டாங்க, அவங்களக் கேக்காம சேரமுடியாதுன்னாரு. நாங்க பைத்தியம் புடிச்சிருச்சின்னு நெனச்சோம்."

அந்த வேலைக்கு வேறொருவர் போனாராம். ஈப்போக்காரர். அந்த மேட்டுக் கொட்டகையில் ஒருவருக்கும் பேதி வரவில்லை. அந்த ஈப்போக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார். இதையும் நான் கேட்டுத்தான் அவன் சொன்னான். அவர் உங்கள் மேல் கோபமாக இல்லை அக்கா, ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை, உங்களைப் பற்றிச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார் என்றான். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பான், பாவம்.

கோபமாக இருந்திருக்கலாம். என்னை ஏசிவிட்டு அந்த மேட்டுக்கு ஏறிப் போயிருக்கலாம். மீனைத் தின்றுகொண்டு, காய்ச்சின தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இவள் பேச்சைக் கேட்டதுதான் நான் செய்த முட்டாள்தனம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். என் சொல்லைத் தூக்கி எறியத் தெரியாத மனுஷனுக்கு இங்கிலீஷ் எதற்கு, லத்தீன் எதற்கு? நான் சொன்னது இந்த அரை ஏக்கருக்கு. பத்து மணிக்கு நீங்கள் என் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு. அதைச் சயாம் காடு வரைக்கும் சுமந்துகொண்டு போவார் என்று நான் கண்டேனா?

கூழ் குடித்த களைப்பில் இருளப்பன் குடிசை நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான். நல்ல வெயில். நான் எழுந்து நிலத்தின் வடக்கு மூலைக்குப் போனேன். சயாம் அந்தப் பக்கம்தான் என்று முனியாண்டி மண்டோர் எப்போதோ காட்டியிருந்தார். அங்கே ரப்பர் மரங்கள்தான் தெரிந்தன. அவரோடு நேரில் பேசும்போது எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசினேன்.

"சேந்துக்குங்க. அந்த வேலையில போய்ச் சேந்துக்குங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

சத்தம் பத்தவில்லை என்று தோன்றியது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.